இருட்டடிப்பு இரவில் எடுத்த படம்

யுத்த இருட்டடிப்பில் ஊர் விளக்கெல்லாம் அணைந்திருந்ததால் வாவிக்கரை வானத்தில் நட்சத்திரங்கள் குவிந்து கிடந்தன. பெட்டிக் கமராவைக் கல்லின்மேல் வைத்து, அதன் கண்ணை ஒரு மணி நேரம் திறந்துவிட்டேன்.

மறுநாள் இருட்டடிப்புக் காவலர் பூபாலபிள்ளை என்னை ஊர்த்தலைவர் விதானையார் முன் நிறுத்தினார்.

“இவன் ஜப்பான் பிளேனுக்கு டோர்ச் அடிச்சுக் காட்டினவன், ஐயா.”

“நட்சத்திரத்தைப் படம் புடிச்ச நான், ஐயா.”

“படத்தைக் கழுவிக் கொண்டா,” என்றார் விதானையார். “டோர்ச் அடிச்சிருந்தா மறியல்ல கம்பி எண்ண வேண்டியதுதான்.”

படம் வந்தது. விதானையார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

“என்னடா, எல்லாம் கோடு கோடாக் கிடக்கு?”

“நகருற வெளிச்சமெல்லாம் கோடாத்தான் விழும், ஐயா.”

“அப்ப வானத்துக்குக் கீழ இந்தக் கோடு?”

அது கரையோரமாக நேரே கள்ளு விற்கும் தவறணைக்குப் போய், அங்கே பெரிய பொட்டாக நின்று, வளைந்து வளைந்து திரும்பியிருந்தது.

ஊரில் டோர்ச் பிடிக்க அனுமதி உள்ளவர் ஒருவர்தான். அவர் கதவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்.