மாப்பிள்ளைக்கு என்ன குறை?

பெண் பார்க்க வந்தவர்கள் திருமழிசைக்குக் கிளம்பிப் போனதுமே சாமுண்டீஸ்வரி மகளைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாடி, மாப்ளயப் புடிச்சிருக்கா?”

“வேணாம்மா” என்றாள் மதிவதனி.

“அரவிந்தனுக்கு இன்னா குறை? சொந்த ஊடு கீது, நல்ல வேலை கீது. ஆளும் லட்சணமாத்தான் கீறாரு.”

“குறை ஒண்ணும் இல்லம்மா.”

“அப்ப உன் மனசுல வேற எவனாச்சும் கீறானா?”

“அதெல்லாம் யாரும் இல்ல.”

“பின்ன காரணத்தச் சொல்லு.”

வந்தவர்கள் குடித்துவிட்டுப் போன காப்பி டம்ளர்களை மதிவதனி எடுத்து அடுக்கினாள். அம்மாவின் கண்கள் கலங்குவதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் சொல்ல வழியில்லை.

அந்த நேரம் பார்த்துத் தரகர் போன் செய்தார். பேசி முடித்த சாமுண்டீஸ்வரிக்கு முகம் சிவந்துவிட்டது.

“பையனுக்குப் பொண்ணப் புடிக்கலியாம். எம்பொண்ண வேணாம்னு சொல்ல அவன் யாரு? திமிரு புடிச்சவன்.”

“அவரத் திட்டாதம்மா. ரொம்ப நல்லவரு.”

“காப்பி குடிக்கிற நேரத்துல அத எப்டிடி கண்ட?”

வேலப்பன்சாவடியில் மதிவதனி மனநல ஆலோசகராக இருக்கும் மையத்துக்குப் போன வருஷம் வாராவாரம் வந்து, மனதில் இருந்ததையெல்லாம் அவளிடம் கொட்டியவர் அரவிந்தன். இன்று அவர் வாசலில் நுழைந்தபோதுதான் மாப்பிள்ளை யாரென்று அவளுக்கே தெரிந்தது. தொழில் விதிப்படி, ஆலோசனைக்கு வந்தவரைக் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. வந்தார் என்று வீட்டில் மூச்சுவிடவும் கூடாது. அது தெரிந்துதான் அவர் முந்திக்கொண்டு பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

“மூஞ்சியப் பாத்தாலே தெரியுதும்மா” என்றாள்.