கை காட்டுகிறவள்

"ஆள் விழுந்தாச்சு!"

படகில் இருந்த எல்லோரும் கத்தினார்கள். அவள் மட்டும் கத்தவில்லை. வலது கையை நீட்டி, தண்ணீரில் மிதந்த தலையைக் காட்டினாள்.

அவளுக்கு அது ஒன்றுதான் வேலை.

இளையோர் படகுக் குழுவில் வாரந்தோறும் இந்தப் பயிற்சி உண்டு. ஒருவர் லைஃப் ஜாக்கெட்டோடு கடலில் குதிப்பார். மற்றவர்கள் பாயைத் திருப்பி, படகை வளைத்துக்கொண்டு வந்து அவரைத் தூக்க வேண்டும். கை காட்டுகிறவர் மட்டும் கயிற்றைத் தொடக்கூடாது, பேசக்கூடாது, மூக்கு அரித்தால்கூடச் சொறியக்கூடாது. குதித்தவர் மேல் வைத்த கண்ணை எடுக்கவே கூடாது. ஒருமுறை தொலைத்துவிட்டால், அலைகளுக்கு நடுவே ஒரு தலையை மறுபடி கண்டுபிடிப்பது லேசில்லை.

இன்று குதித்தது குண்டூசி. ஒல்லி உடம்பு, குத்துகிற வாய். அந்தப் பட்டப்பெயரை வைத்தவளே இந்தக் கை காட்டுகிறவள்தான். இப்போது படகிலிருந்து பார்க்க, தலையும் குண்டூசித் தலை அளவுக்குத்தான் தெரிந்தது.

இனி குண்டூசியின் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன் என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் அவள் சபதம் போட்டிருந்தாள்.

அதுவரை அவள்தான் குழுத் தலைவி; தலைவியின் விசில் அவள் கழுத்தில் தொங்கியது. படகு கிளம்புமுன் ஒவ்வொரு ஜாக்கெட்டின் வாரையும் இழுத்துப் பார்ப்பது தலைவியின் பொறுப்பு. அன்று மண்டையைப் பிளக்கிற வெயில். கடைசி இரண்டு பேரை இழுத்துப் பார்க்காமலே, "எல்லாம் சரி" என்று சொல்லிவிட்டாள்.

கொக்கி உடைந்த ஜாக்கெட் அந்த இரண்டில் ஒன்றாகவா இருக்க வேண்டும்?

கண்டுபிடித்தது குண்டூசி. படகு இன்னும் கரையில் இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதோடு விட்டாளா என்றால், இல்லை. "இவ இழுத்தே பார்க்கலைக்கா, நான் பக்கத்துலதான் நின்னேன்" என்று எல்லோர் முன்னாலும் கோச் அக்காவிடம் சொன்னாள்.

செய்யாததைச் செய்தேன் என்று சொல்லாதே. தெரிந்ததை மறைக்காதே. குழுவின் இந்த இரண்டு விதிகளும் படகு நிறுத்தும் கொட்டகைச் சுவரில் கொட்டை எழுத்தில் இருக்கின்றன. பெயிண்ட் டப்பாவும் கையுமாக அதை எழுதியவர்களே அவர்கள் இருவரும்தான். என்ன இருந்தாலும், தனியாக வந்து சொல்லியிருக்கலாமே என்றுதான் அவளுக்கு ஆறவில்லை.

விசில் வேறு கழுத்துக்குப் போனது.

இன்று காலை கோச் அக்கா அவளைக் கூப்பிட்டு, கை காட்டுகிற வேலையைக் கொடுத்தார். இத்தனை பேர் இருக்க என்னையா? யாரைப் பார்க்கவே மாட்டேன் என்றாளோ அவளையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இதுவும் தண்டனைதான் என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள்.

காற்று திடீரென்று திசை மாறியது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டு மறுபக்கம் சாய்ந்தது. நினைத்ததைவிடப் படகு வெகுதூரம் தள்ளிப் போய்விட்டது.

உப்புத் தண்ணீர் அவள் முகத்தில் அறைந்தது. கண் எரிந்தது. துடைக்கக்கூடாது.

ஓர் அலை எழுந்தது. தலையைக் காணோம்.

குண்டூசியின் ஜாக்கெட் வாரை இன்று யாராவது இழுத்துப் பார்த்தார்களா?

வெயிலில் ஒரு வாரை இழுக்காமல் விடுவது என்றால் என்னவென்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. போன வாரம் அத்தனை பேர் முன்னால் தலைகுனிந்து நின்றபோதுகூடப் புரியவில்லை.

வாடி. மேலே வாடி. மனதுக்குள் கெஞ்சினாள்.

வந்தது. கை காட்டிய இடத்துக்குச் சற்று இடப்பக்கமாக, இருமிக்கொண்டு. கை தானாக அங்கே நகர்ந்தது. சுக்கான் பிடித்திருந்த பையன் கடலைப் பார்க்கவில்லை. அவள் விரலைப் பார்த்துத்தான் படகைத் திருப்பினான்.

அலை மறைத்தது. திரும்பவும் காட்டியது. மறுபடி மறைத்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை.

நாலு பேர் சேர்ந்து குண்டூசியைப் படகுக்குள் இழுத்துப் போட்டார்கள். ஜாக்கெட்டின் வார் இறுக்கமாகத்தான் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"தூக்கியாச்சும்மா. கையை இறக்கு" என்று கோச் அக்கா சொன்ன பிறகுதான், கை இன்னும் நீண்டபடியே இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

கரைக்குத் திரும்பும் வழியில் கோச் அக்கா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காதருகே குனிந்தார்.

"அடுத்த வாரம் நீ குதிக்கிற. யார் கண்ணை நம்பிக் குதிப்பே? சொல்லு, அந்த ஆளையே கை காட்டப் போடுறேன். இது நமக்குள்ள இருக்கட்டும்."

அவள் இதுவரை குதித்ததில்லை. இப்படியொரு கேள்வி இருப்பதே அவளுக்குத் தெரியாது.

"குதிக்கிற எல்லார்கிட்டயும் கேட்பீங்களாக்கா? இன்னிக்கும் கேட்டீங்களா?"

"எல்லார்கிட்டயும்தான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். படகின் முனையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, பல் கிடுகிடுக்க, வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள் குண்டூசி.

வலித்துக்கொண்டிருந்த கையை மறுபடியும் குண்டூசியை நோக்கி நீட்டினாள்.