தகர டப்பா

“பழைய குரல் இதுல வராதுக்கா. மதர்போர்டு போனதாலதானே புது லேப்டாப் வாங்குனீங்க? இதுல அது ஏறாது. கம்பெனிக்காரன் அதை நிறுத்திட்டான்.”

“நல்லா இருந்ததை எதுக்குத் தம்பி நிறுத்தணும்?”

“நிறுத்தினாத்தானே நீங்க புதுசு வாங்குவீங்க,” என்று சிரித்தான் பழுது பார்ப்பவன். “பழசு தகர டப்பாவுல கல்லைப் போட்டு உருட்டின மாதிரி இருக்கும். இது டைப் பண்றதை எவ்வளவு இனிமையாப் படிக்குது பாருங்க.”

“எம் பொண்ணு இது பேசினாலே அடுத்த ரூமுக்கு ஓடிடறா. கதை கேக்கக்கூட வரமாட்டேங்கிறா.”

“சின்னப் பிள்ளை, பழகிடும். அதுவரைக்கும் அவங்கப்பாவைக் கதை சொல்லச் சொல்லுங்க.”

அவள் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். இதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த அவள் கணவர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். குனிந்தபோது கழுத்தில் பழைய அறுவைத் தழும்பு தெரிந்தது. மகள் பிறப்பதற்கு முன்பே அவருக்குப் பேச்சு போய்விட்டது. எழுத்து எழுத்தாகத் தட்டினார்.

அந்த இனிமையான குரல் படித்தது.

“கதை சொல்றது நான்தான் தம்பி. பிறந்ததிலேர்ந்து அவ கேட்ட அப்பா குரல் அந்தத் தகர டப்பாதான். எப்படியாவது அதை எடுத்துக் குடுங்க.”