நாளைக்கு இறுதிப்போட்டி

“சரஸ்வதிக்குக் கேமும் விளங்குமோ அம்மா?” என்று சரஸ்வதி பூசைக்கு லப்டொப்பை வைத்தபடி மகன் கேட்டபோது கஜேந்தினி சிரித்திருந்தாள். இன்று அதே கேமிங் லப்டொப்புடன் மாங்குளத்து ரிப்பெயர் கடையில் நின்றாள்.

“திரை கறுத்துப்போகுது அண்ணை. தானா நிண்டு திரும்ப ஸ்டார்ட் ஆகுது. நாளைக்கு இறுதிப்போட்டி.”

“கேமைக் குடுத்துப் பிள்ளையைக் கெடுக்கிறியள் தங்கச்சி. முதல் அதை நிப்பாட்டுங்கோ!” என்றார் கடைக்காரர் குகதாசன்.

“நிப்பாட்டேலாது. திருத்தித் தாங்கோ.”

அவர் கழற்றிப் பார்த்தார். காற்றுத் துளைகளை அடைத்தபடி சந்தனம் காய்ந்திருந்தது.

“அதுதான் சூடேறி நிக்குது. ஆர் பொட்டு வைச்சது?”

“மகன். நான் வெல்லவேணுமெண்டு வைச்சவன்.”

“நீங்களோ விளையாடுறது?”

“ஓம். ஏன், அம்மாமார் விளையாடக் கூடாதோ?”

குகதாசன் சந்தனத்தைத் துடைத்து, கழற்றியதைத் திரும்பப் பூட்டினார். அவள் வாசல் பக்கம் திரும்பியதும், தான் சொன்ன சொல்லுக்கு ஈடாக, லப்டொப்பைக் குளிரவைக்கும் சிறிய விசிறியொன்றையும் அவளுடைய பைக்குள் வைத்து மூடினார்.