கை வைக்காத சட்டை

"பாதியில விட்டா ஸ்டாப், முழுசா முடிச்சா ஃபினிஷ். ரெண்டுக்குப் பின்னாடியும் வர்ற வினையில 'இங்' சேர்க்கணும்மா" என்றார் டியூஷன் வாத்தியார்.

தையல்காரம்மா நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"கை வைக்காம கிடக்குற சட்டைன்னா ஸ்டாப். பட்டன் கட்டி இஸ்திரி போட்டாச்சுன்னா ஃபினிஷ். சரிதானே சார்?"

"கற்பூரப் புத்திம்மா உங்களுக்கு! மூணு நாளா விழுந்து விழுந்து படிக்கிறீங்க. மகன்கிட்ட போறதுக்கு விசா இன்டர்வியூவா?"

"இல்ல சார். நாளைக்குக் காலையில அவன் இருக்குற ஆஸ்பத்திரியில இருந்து டாக்டர் போன் பண்ணுவார். இனிமே கண் முழிக்க மாட்டானாம். மூச்சுக்கு வெச்சிருக்குற மிஷினை நிறுத்த நான்தான் சம்மதம் சொல்லணுமாம்."

வாத்தியார் இலக்கணப் புத்தகத்தை மூடி வைத்தார்.

"அதுக்குத் தமிழ் தெரிஞ்சவங்களை அவங்களே லைன்ல போடுவாங்களேம்மா."

"போடறோம்னுதான் சொன்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். அந்த வார்த்தையை முன்பின் தெரியாத ஒருத்தர் வாயால ஏன் சொல்ல வைக்கணும்? பெத்தவ நானே சொல்லிடறேன்."

டாக்டரிடம் சொல்வதற்காக எழுதியிருந்ததைச் சரிபார்க்கச் சொல்லி நோட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இருபத்துநாலு வயசுதான் சார் அவனுக்கு. ஸ்டாப்தானே வரும்?"