எடுக்க ஆளில்லாத வீடு

அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது பார்கவியின் போனில் வீட்டில் மாட்டிய புகைமணிக் கருவி பேசியது. "வீட்டில் புகை வந்தது. உள்ளே யாரும் இல்லை. கதவு, ஜன்னல்களைப் பூட்டி, தீ பரவாமலிருக்க உள்ளிருந்த காற்றையெல்லாம் உறிஞ்சி வெளியேற்றிவிட்டேன். சேதம் இல்லை."

"போட்ட காசு வீண் போகலடி," என்றாள் பக்கத்திலிருந்த தோழியிடம். "எங்க நாலு பேர் முகமும் அதுக்கு அத்துப்படி."

"வேலைக்கு வர்ற அக்கா முகம்?"

"அவங்களை எதுக்குச் சேர்க்கணும்? வீட்டு ஆளா என்ன?"

சொன்ன வாய் மூடுமுன் இன்று வெள்ளிக்கிழமை என்பது உறைத்தது. 'எனக்கு நேரமில்லக்கா, மத்தியானம் நீங்களே சாம்பிராணி போட்டுடுங்க' என்று காலையில் வேலைக்கு வந்த செல்லக்கிளியிடம் சாவியைக் கொடுத்ததே பார்கவிதான்.

உடனே செல்லக்கிளியை அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது.

புகைமணி குறுக்கிட்டது. "சமையலறையில் ஏதோ போன் அடிக்கிறது. எடுக்க வீட்டில் யாரும் இல்லை."