எழும்பூரில் ஓர் அறை

விக்கிரமசிங்கபுரம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக்குள் மத்தியான வெயில் கொதிக்கிறது. வியர்வையில் நழுவும் ரிசீவரை இறுகப் பிடித்திருக்கிறாள் ஹெப்சிபா டீச்சர். தலைமையாசிரியை பதவி உயர்வுக்காகச் சென்னைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் வேலை, நடுவில் ஒரே ஒரு ராத்திரி. அதற்கு எழும்பூர் ஸ்டேஷன் பக்கத்திலேயே ஓர் அறை வேண்டும். எழுதிக்கொண்டு வந்த நான்கு லாட்ஜுகளில் மூன்றைக் கோடு போட்டு அடித்தாயிற்று. "தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் தர்றதில்லைங்க" என்கிறது நான்காவது குரலும். "கூட ஆம்பிளை யாராவது வர்றாங்களா?"

கணவருக்கு மில்லில் லீவு கிடையாது. ஹெப்சிபா பல்லைக் கடிக்கிறாள். மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடுகின்றன.

"வாரான். எம் மவன் ஜாஸ்பர்."

"அப்பச் சரிங்க. அவர் பேர்லயே ரூம் போட்டுர்றேன். வந்ததும் ரிஜிஸ்டர்ல அவரே கையெழுத்துப் போடணும்."

வெளியே வேப்பமர நிழலில் நின்று ஜாஸ்பர் சேமியா ஐஸ் உறிஞ்சிக்கொண்டிருக்கிறான். முழங்கை வரைக்கும் ஒழுகுகிறது. இருபது வருஷமாக ஊர்ப்பிள்ளைகளின் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டுவரும் ஹெப்சிபா ரிசீவரை வாயோடு ஒட்டிப் பிடிக்கிறாள்.

"போடுவான் வே, நல்லாப் போடுவான்! அவன் கையப் பிடிச்சு எழுதப் பழக்குனதே நாந்தான். இப்ப ரெண்டாங் கிளாஸ் படிக்கான். ஒரு ஸ்டூல் மட்டும் எடுத்துப் போட்டு வையும். ஒம்ம மேசை அவனுக்கு எட்டாது!"